மச்சத் தலையணை

நான் தலையணை தைப்பவள். சண்டிலிப்பாயில் எங்கள் வீட்டுப் பக்க விறாந்தையைப் பலகையால் மறைத்து ஓர் அறையாக்கி, அதற்குள் ஒரு தையல் மெஷினும் ஒரு நீள மேசையும் கூரை முட்டும் பஞ்சு மூட்டைகளுமாக இருபது வருடத்துக்கு மேல் இருந்துவிட்டேன். மானிப்பாயில் இரண்டு கடைகளுக்கு என் தலையணைகள் போகின்றன. கலியாணம் என்றால் சோடி சோடியாகத் தைத்துக் கொடுப்பேன். வாங்கிப் போனவர்கள் குறை சொன்னதில்லை. பழைய தலையணையைத் திரும்பக் கொண்டுவந்து, "உள்ளுக்குப் பஞ்சை மட்டும் மாத்தித் தாங்கோ, இந்த உறையிலைதான் எங்கடை இவருக்கு நித்திரை வரும்" என்று கேட்டவர்களும் உண்டு.

என் தலையணையில் நித்திரை வராத ஒரேயொருவர் என் கணவர்.

அவர் கணிதம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். ஊர் முருகன் கோயில் நிர்வாக சபைக்குச் செயலாளர். முப்பது வருடம் கரும்பலகையை அண்ணாந்து பார்த்தும் விடைத்தாளைக் குனிந்து பார்த்தும் கழுத்து பழுதாகிவிட்டது என்பது அவருடைய கணக்கு. நான் தைத்துக் கொடுக்கும் தலையணையை ஒரு கிழமை வைத்துப் பார்ப்பார். பிறகு ஒரு காலையில் அதைக் கொண்டுவந்து, பிழையான விடைத்தாளைத் திருப்பிக் கொடுப்பதுபோல என் மேசையில் வைப்பார். இலவம் பஞ்சு சூடு. பருத்திப் பஞ்சு ஒரு மாதத்தில் கட்டிபட்டுவிடுகிறது. தேங்காய்த் தும்பு உறைக்குள்ளால் குத்துகிறது. ஸ்பொஞ் துண்டு அடைத்தால், "காதுக்குள்ளை ஆரோ முறுக்குத் தின்னுற மாதிரிக் கேக்குது." கடைசியில் என்னுடைய பழைய நூல் சேலைகளை மடித்து உள்ளே வைத்துத் தைத்துக் கொடுத்தேன். அதைக் கொண்டுவந்து வைத்தபோது அவர் முகத்தில் கொஞ்சம் பயம் இருந்தது.

"உள்ளுக்கு ஒராள் படுத்திருக்கிற மாதிரிக் கிடக்கு," என்றார்.

ஒருமுறை அடிமட்டத்தால் தன் தோளிலிருந்து கழுத்துவரை அளக்கச் சொல்லி, கொப்பித் தாளில் படம் கீறி, தலையணையின் உயரம் எவ்வளவு இருக்க வேண்டும் என்று எனக்கு விளங்கப்படுத்தினார். அந்த அளவுக்கே தைத்தேன். அதிலும் நித்திரை வரவில்லை. படம் சரி, பஞ்சுதான் பிழை என்றார்.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். எங்கள் வீடு சுத்த சைவம். மச்சம் என்று எங்கள் பக்கத்தில் சொல்கிற மீன், இறைச்சி, முட்டை எதுவும் எங்கள் வாசற் படலையைத் தாண்டி வராது. பிறந்தநாள் கேக் யாராவது கொண்டுவந்தால் முட்டை போட்டதா என்று கேட்டுவிட்டுத்தான் தட்டைக் கையில் வாங்குவார். அரியாலைக்குப் போகும்போது பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் கருவாட்டுப் பையை மடியில் வைத்திருந்தார் என்று இடைவழியில் இறங்கி, மிச்சத் தூரத்தை வெயிலில் நடந்தே போனவர். போன வீட்டில் வாசலில் நின்றபடி கிணற்றடி எந்தப் பக்கம் என்றுதான் முதலில் கேட்டாராம்.

இரண்டு வருடத்துக்கு முன் ஆடி மாதத்தில் அவருடைய அக்கா கனடாவிலிருந்து வந்தார். எனக்கு மச்சாள் முறை. வந்த அன்றே சூட்கேசைத் திறந்து, உடுப்புகளுக்குக் கீழேயிருந்து ஒரு பிளாஸ்ரிக் பையை எடுத்தார். காற்றெல்லாம் உறிஞ்சி எடுக்கப்பட்ட பை. உள்ளே இருந்தது அப்பளம்போலத் தட்டையாக இருந்தது. அதைச் சாப்பாட்டு மேசையில் வைத்துப் பையின் வாயைத் திறந்தார். உள்ளே இருந்தது மெல்ல மூச்சு வாங்கி எழும்பத் தொடங்கியது. நாங்கள் மூன்று பேரும் அது எழும்புவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். தேத்தண்ணி ஆறுவதற்குள் அது முழுத் தலையணையாகிவிட்டது.

"தம்பி, ஒருக்காத் தலையை வைச்சுப் பார்," என்றார் மச்சாள்.

அறுபத்து மூன்று வயதுத் தம்பி கதிரையில் இருந்தபடியே மேசையில் தலையைச் சாய்த்தார். மத்தியானச் சாப்பாட்டுக்கு அவரை எழுப்ப வேண்டியிருந்தது. எழும்பியவர் கன்னத்தில் கோடு விழுந்த முகத்தோடு எங்கள் இருவரையும் பார்த்து, "இண்டைக்கு என்ன கிழமை?" என்று கேட்டார்.

அதன்பிறகு மூன்று மாதம் அவர் நித்திரை கொண்டார். விடிய எழும்பிக் கிணற்றடியில் பல் தீட்டிக்கொண்டே தேவாரம் பாடினார். வீட்டுக்கு வருபவர்களுக்குக் கழுத்தைத் திருப்பிக் காட்டினார். "இடப் பக்கம் தொண்ணூறு பாகை. வலப் பக்கம் எண்பத்தஞ்சு." நான் தைத்த பதினொரு தலையணையும் அலுமாரிக்கு மேலே அடுக்கிக் கிடந்தன. அவருக்குச் சுகம் வந்ததில் எனக்குச் சந்தோசம்தான். ஆனாலும் அலுமாரிப் பக்கம் போகும்போதெல்லாம் கண் மேலே போய்வந்தது.

ஐப்பசியில் ஒரு காலை, கந்தசட்டி ஏற்பாடுகள் பற்றிக் கதைக்க அவர் கோயிலுக்குப் போயிருந்தார். நான் அந்தத் தலையணையை என் மேசைக்குக் கொண்டுவந்தேன். இந்தத் தொழிலில் இருப்பவளுக்கு உள்ளே இருப்பதை அறிய வெட்டிப் பார்க்கத் தேவையில்லை. இலவம் பஞ்சு அமுக்கினால் சட்டென்று எழும்பும். பருத்தி அப்படியே கிடக்கும். ஸ்பொஞ் கையைத் தள்ளும். இது அப்படி ஒன்றும் செய்யவில்லை. கையை உள்ளே விட்டது, கையை எடுத்ததும் தன்பாட்டில் பழையபடி வந்தது. நான் நாலு விரல் அகலத்துக்குத் தையலைப் பிரித்தேன். உள்ளே இன்னொரு பை, கடதாசிபோல நெருக்கமான துணியில். மூட்டை தைக்கிற கோணி ஊசியால் அதை அங்கங்கே குத்திப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. கத்தரிக்கோல் நுனியால் சின்னதாக ஒரு வெட்டுப் போட்டு விரலை விட்டு எடுத்தேன்.

வெள்ளையாக வந்தது. ஏதோ நல்ல சாதிப் பஞ்சு என்றுதான் நினைத்தேன். யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது அதன் நடுவில் ஒரு தண்டு இருந்தது.

பஞ்சுக்குத் தண்டு கிடையாது.

தையலுக்குள் மடிந்து கிடந்த துணிச் சீட்டை அவருடைய பூதக்கண்ணாடியால் வாசித்தேன். ஆங்கிலத்தில் இருந்தது. வாத்து இறகு, நூற்றுக்கு நூறு. விடைத்தாளில் நூற்றுக்கு நூறு என்று கண்டால் அன்று முழுவதும் சிரித்த முகத்தோடு திரிகிற மனிதர் அவர்.

உடனே மச்சாளுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"ஓம், தெரியும்," என்றார். "சொன்னால் அவன் படுப்பானோ?"

"மச்சாள், அது வாத்து."

"வாத்தை ஆர் தின்னச் சொன்னது? தலையைத்தானே வைக்கிறான்."

"திருநீறு பூசின தலையெல்லோ மச்சாள்."

"இப்ப அவன்ரை கழுத்துச் சுகமோ இல்லையோ?" என்று கேட்டார்.

"சுகம்தான்."

"பேந்தென்ன. தைச்சு மூடிப்போட்டுப் பேசாமல் இரு."

மூடித் தைத்தேன். துணிச் சீட்டை வெட்டியெடுத்துப் பொத்தான் போட்டுவைக்கும் தகரப் பேணிக்குள் போட்டேன். ஆனால் எனக்குத் தெரியாத ஒரு விசயம் இருந்தது. இறகு அடைத்த பையைத் தடித்த ஊசியால் குத்தக்கூடாது. குத்திய ஓட்டை ஒவ்வொன்றாலும் இறகு தண்டை முன்னுக்கு நீட்டிக்கொண்டு வெளியே வரும். நான் அதை ஏழெட்டு இடத்தில் குத்தியிருந்தேன்.

அந்தக் கிழமை எனக்கு வேறொரு வேலையும் வந்தது. குருநகரில் கத்தோலிக்கக் கூத்து ஆடுகிற ஒருவர் ராசா வேடத்துக்கு வயிறு தைக்க வேண்டும் என்று வந்தார். ஆள் ஈர்க்குப்போல இருந்தார். கடலுக்குப் போகிறவர்.

"எப்பிடிப்பட்ட ராசா?" என்று கேட்டேன். அதைப் பொறுத்துத்தான் உள்ளே என்ன அடைப்பது என்று தீர்மானிக்க முடியும்.

"கெட்ட ராசா அக்கா. கடைசிக் கட்டத்திலை மனந்திரும்புறார்."

அதனால் அடியில் ஸ்பொஞ்சும் மேலே இலவம் பஞ்சும் வைத்துத் தைத்தேன். அவர் அதைக் கட்டிப் பார்த்து, அறைக்குள் நாலு அடி நடந்து, தன் வயிற்றைத் தானே தடவிச் சந்தோசப்பட்டார். யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று எனக்குள் இருந்ததை அவரிடம் சொன்னேன். அவர் வயிற்றைக் கழற்றாமலே கதிரையில் இருந்து யோசித்தார்.

"நாங்கள் தவக்காலத்திலை வெள்ளிக்கிழமை இறைச்சி தின்னுறேல்லை அக்கா. ஆனால் தலகணியைப் பற்றிச் சுவாமியார் இதுவரைக்கும் ஒண்டும் சொல்லேல்லை."

கந்தசட்டி தொடங்கியது. ஆறு நாளும் என் கணவர் ஒரு நேரம் பாலும் பழமும்தான். கோயிலுக்குக் கட்டுகிற வேட்டிக்கும் சால்வைக்கும் அவர் இஸ்திரி போடுவதில்லை. கழுவிக் காயவிட்டு, மடித்து, தலையணைக்குக் கீழே வைத்துப் படுப்பார். விடியும்போது மடிப்புக் கத்திபோல நிற்கும்.

இரண்டாம் நாள் காலைப் பூசையில் ஐயர் தீபம் காட்டிக்கொண்டிருந்தார். நான் பெண்கள் பக்கத்தில் நின்றேன். என் கணவர் முன்வரிசையில் நின்று, சால்வையை விரித்து உதறி இடுப்பில் கட்டப் போனார். மடிப்புக்குள்ளிருந்து வெள்ளையாக ஒன்று எழும்பியது. கீழே விழவில்லை. தீபத்தின் சூட்டில் மேலே போய், ஐயரின் தலைக்கு மேல் ஒரு சுற்றுச் சுற்றி, மூலஸ்தானத்துக்குள் போய்விட்டது. ஐயர் மணியை நிறுத்திவிட்டு அது போன பக்கம் பார்த்தார். இன்னொன்று மெல்ல இறங்கி என் கணவரின் கும்பிட்ட கைகளுக்கு நடுவில் வந்து நின்றது.

வீட்டுக்கு வந்து கையை விரித்துக் காட்டினார். "இஞ்சை பாரும்."

"இறகு," என்றேன்.

"சட்டி விரதத்திலை, முருகன்ரை சந்நிதியிலை, ஒரு இறகு," என்றார். "முருகன்ரை கொடியிலை என்ன இருக்குது?"

"சேவல்," என்றேன்.

"நான் ஒண்டும் சொல்லேல்லை. கண்டதைச் சொல்லுறன்," என்றார். அதைச் சுவாமி அறையில் வெள்ளிக் குங்குமச் சிமிழுக்குள் வைத்துவிட்டுக் கும்பிட்டார். ஒரு நேரப் பாலோடு நிற்கிற மனிதரிடம் அந்த நேரத்தில் வாத்து என்று எப்படிச் சொல்வது? விரதம் முடிக்கிற பாறணைச் சாப்பாடு ஆகட்டும் என்று விட்டேன்.

மூன்றாம் நாள் மூன்று இறகு பறந்தது. அன்று பின்னேரம் அவர் பார்க்காத நேரம் நான் சால்வையை எடுத்துக் கிணற்றடியில் நன்றாக உதறினேன். அவர் பின்னால் வந்து நின்றதை நான் காணவில்லை.

"ஏன் அதை உதறுறீர்?"

"தூசி."

"உதறாதையும். அது இருக்கிறபடியே இருக்கட்டும்." சால்வையை என் கையிலிருந்து வாங்கிப் போனவர், அதற்குப் பிறகு அதை எனக்குத் தொடவே தரவில்லை. நான் தலையணைக்கு இரண்டாவது உறை போட்டேன். இறகுகள் இரண்டாவது உறைக்குள்ளாலும் வந்தன.

நாலாம் நாள் கோயிலில் நிற்க இடமில்லை. அவர் சால்வையை விரிக்கப் போகும்போது தவில்காரர் அடியைக் குறைத்தார். பரீட்சை எழுதப் போகிற பிள்ளைக்கு ஒரு இறகு வேண்டும் என்று ஒரு தாய் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். சபையின் பணப்பொறுப்பில் இருக்கிற, என் கணவருக்கு எப்போதும் எதிராகப் பேசுகிற தனாதிகாரி மட்டும் இதை விசாரிக்க வேண்டும் என்றார். "நாளைக்குக் கோயிலுக்குள்ளை கோழி வளக்கிறம் எண்டு சனம் கதைக்கும்," என்பது அவருடைய பயம். மானிப்பாயில் இருந்த ஓய்வு பெற்ற மிருக வைத்தியர் ஒருவரை அவரே மோட்டார் சைக்கிளில் ஏற்றி வந்தார்.

ஐந்தாம் நாள் பூசை முடிந்து கோயில் மடத்தில் விசாரணை நடந்தது. ஒரு வெற்றிலையில் இறகை வைத்துக் கொடுத்தார்கள். வைத்தியர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வெகு நேரம் பார்த்தார்.

"சேவல் இல்லை," என்றார்.

என் கணவர் முகம் வாடிவிட்டது. "பின்னை?"

"வாத்து இனம். ஆனால் உது எங்கடை ஊர் வாத்தில்லை. உவ்வளவு அடர்த்தியாய்த் தூவி எண்ட மெல்லிறகு இருக்கிறது குளிர் நாட்டுப் பறவைக்குத்தான்."

எல்லாம் இதோடு முடிந்தது என்று எனக்கு மூச்சு வந்தது. அப்போது பின்னாலிருந்து ஒருவர் சொன்னார்: "இப்ப அரியாலைக் கடலிலை வெளிநாட்டுப் பறவையள் வந்து இறங்கிற காலமெல்லோ."

அவ்வளவுதான். மழைக்கு முந்தி வடக்கே பனி நாட்டிலிருந்து பறவைகள் வந்து கடல்நீர்க் களப்பில் இறங்குவது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அதில் ஒன்று கூட்டத்தை விட்டுப் பிரிந்து, விரதத்துக்கு எங்கள் கோயிலுக்கு வந்திருக்கிறது என்று அன்று மத்தியானத்துக்குள் முடிவாகிவிட்டது. கோயில் மதிலில் யாரோ ஒரு சட்டியில் தண்ணீரும் பக்கத்தில் நெல்லும் வைத்தார்கள். சிறகடிக்கிற சத்தம் கேட்டதாக இரண்டு பேர் சொன்னார்கள். ஒருவர் அது வடக்கு வீதிப் பக்கம் என்றார், மற்றவர் மேற்கு வீதி என்றார். அதில் அவர்களுக்குள் சின்ன மனத்தாங்கல்கூட வந்தது.

என் கணவர் சேவல் போன துக்கத்திலிருந்து மீண்டுவிட்டார். வீட்டுக்கு வரும் வழியில் சைக்கிளை உருட்டிக்கொண்டே, "எத்தினை ஆயிரம் மைல் பறந்து வந்திருக்கும், யோசிச்சுப் பாரும்," என்றார்.

நான் யோசித்துப் பார்த்தேன். பறந்துதான் வந்தது. சூட்கேசுக்குள் வந்தது.

சூரன்போர் முடிந்து, அடுத்த நாள் காலை பாறணை. ஆறு நாளுக்குப் பிறகு வாழையிலையில் சோறு. அவர் பாயசத்தையும் குடித்து முடித்துக் கை கழுவிவிட்டு வரும்வரை காத்திருந்தேன். பிறகு தலையணையைக் கொண்டுவந்து மேசையில் வைத்து, நான் தைத்த இடத்தைப் பிரித்து விரித்துக் காட்டினேன்.

"என்ன இது?"

"உங்கடை பறவை."

அவர் குனிந்து பார்த்தார். இரண்டு விரலால் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். எழும்பிப் போய்ச் சுவாமி அறையிலிருந்து குங்குமச் சிமிழைக் கொண்டுவந்து, அதற்குள் இருந்ததைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார். நான் பொத்தான் பேணியிலிருந்து துணிச் சீட்டை எடுத்துக் கொடுத்தேன். அதைத் திருப்பித் திருப்பி வாசித்தார்.

"உமக்கு எப்ப தெரியும்?"

"சட்டிக்கு ரண்டு கிழமைக்கு முந்தி. ஊசியாலை குத்தினது நான்தான். அதாலைதான் வெளியிலை வந்தது."

"அக்காவுக்கு?"

"வாங்கேக்கையே தெரியும்."

"அப்ப எனக்கு மட்டும்தான் தெரியாது."

"வாத்துக்கும் தெரியாது," என்று வாயில் வந்துவிட்டது.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ஏசுவார் என்று நின்றேன். ஏசவில்லை. "மூண்டு மாசம் மச்சத்திலை தலையை வைச்சுக்கொண்டு தேவாரம் பாடியிருக்கிறன்," என்று மெதுவாகச் சொன்னார். எழும்பிக் கிணற்றடிக்குப் போய், உடுத்த வேட்டியோடு குளித்தார். துவட்டிக்கொண்டு வந்தவர் திரும்பவும் போய்க் குளித்தார். எனக்கு அன்றுதான் அழுகை வந்தது. அந்தக் கழுத்து நோகாமல் இருந்ததே அந்த மூன்று மாதம்தான்.

அடுத்த நாள் பின்னேரம் மடத்தில் கூட்டம். நானும் போய்ப் பின்னால் இருந்தேன். அவர் எழும்பி, வகுப்பில் நிறுவல் செய்வதுபோல ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னார். கனடாவிலிருந்து தலையணை வந்தது. அதற்குள் வாத்து இறகு. தலையணைக்குக் கீழே சால்வை. ஆகவே சால்வைக்குள் இறகு. "பறவை ஒண்டும் வரேல்லை. சபை என்னை மன்னிக்கவேணும்."

யாரும் மன்னிக்கவில்லை, ஏனென்றால் யாரும் நம்பவில்லை. பறவை பார்க்கவென்று பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் சனம் வரத் தொடங்கியிருந்தது. விசாரணை வேண்டும் என்ற அதே தனாதிகாரி எழும்பி, "செயலாளர் விரதக் களைப்பிலை கதைக்கிறார். ஓய்வெடுக்கட்டும்," என்றார். முன்வரிசையில் இருந்த ஓர் அம்மா, "தம்பி, உம்மடை தலகணியிலை இருந்தது உம்மடை இறகு. கோயிலிலை பறந்தது கோயில் இறகு. ரண்டையும் ஏன் போட்டுக் குழப்பிறீர்?" என்று கேட்டார். அவர் கரும்பலகையைத் தேடுவதுபோல மடத்துச் சுவரைப் பார்த்தார்.

கூட்டம் கலைந்தபின் அவர் ஐயரிடம் போய்ப் பிராயச்சித்தம் கேட்டார். ஐயர் வாசற்படியில் இருந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

"தவில் ஆட்டுத் தோல். சங்கு ஒரு சீவன்ரை வீடு. சுவாமிக்குச் சாத்திறது பட்டு, அது புழு. அபிசேகத்துக்குத் தேன். அந்தக் காலத்துப் பாட்டுகளிலை ராசாக்களின்ரை மெத்தைக்கு அன்னத்தின்ரை தூவி எண்டு வாசிச்சிருப்பியள். உங்கடை இறகு மட்டும் என்ன பாவம் செய்தது?" என்றார் ஐயர்.

"அதெல்லாம் சுவாமிக்கும் ராசாவுக்கும், ஐயா. நான் வாத்தியார்."

ஐயர் அடுத்த வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவத் தொடங்கினார்.

செயலாளர் என்பதால் அன்றைய கூட்ட அறிக்கையையும் அவரே எழுத வேண்டியிருந்தது. எழுதி முடித்து எனக்கு வாசித்துக் காட்டினார்: "செயலாளர் தமது தலையணை தொடர்பாக விளக்கமளித்தார். சபை ஏற்றுக்கொள்ளவில்லை." கீழே தானே கையொப்பம் வைத்தார். பிறகு ஊரில் சிலர் வாத்தியார் என்ற சொல்லைப் பாதியில் நிறுத்திச் சொல்வதாகவும் கேள்விப்பட்டோம். அவர் அதைக் கேட்காத மாதிரி இருந்தார்.

தலையணையை வீட்டில் வைத்திருக்க அவருக்கு மனமில்லை. குப்பையில் போடவும் மனமில்லை. உயிரோடு இருந்த ஒன்றின் மிச்சம் அது என்றார். முன்விறாந்தைக் கொடியில், வீட்டுக்குள்ளும் இல்லாமல் வெளியிலும் இல்லாமல் நாலு நாள் தொங்கியது. ஐந்தாம் நாள் காலை அவர் வெளியே போன நேரம் தனாதிகாரி பின் படலையால் வந்தார்.

"அக்கா, உந்தத் தலகணியை என்ன செய்யப் போறியள்?"

"தெரியேல்லை. ஏன்?"

"எனக்கில்லை. எங்கடை மூத்தவன் மச்சம் தின்னுறவன். அவனுக்குக் கழுத்துக்குள்ளை ஒரு பிடிப்பு." சொல்லும்போது தன் கழுத்தைத்தான் தடவினார். ஓட்டைகளையெல்லாம் பிசின் பூசி அடைத்து, ஒரு சாக்குப் பையில் போட்டுக் கொடுத்தேன். அடுத்த மாதக் கூட்டத்தில் அவர் ஒரு தீர்மானத்துக்கும் மறுப்புச் சொல்லவில்லையாம். என் கணவர் அதை வெகு ஆச்சரியமாக என்னிடம் வந்து சொன்னார். நான் பேசாமல் இருந்தேன். ஒன்றை ஒளித்துப் பட்டது போதும் என்று பிறகு தோன்றி, அடுத்த நாள் சொல்லிவிட்டேன்.

"அப்ப அவரின்ரை கழுத்துத்தான்," என்றார் அவர். "அவருக்கு எத்தினை பாகை திரும்புதாம்?"

அவருக்குப் பழையபடி நித்திரை இல்லாமல் போய்விட்டது. கார்த்திகை மழையில் ஒரு காலை என் அறைக்குள் வந்து, மூட்டைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த அறை போட்டு இத்தனை வருடத்தில், தலையணை திருப்பிக் கொடுக்க அல்லாமல் அவர் அதற்குள் வந்தது அன்றுதான்.

"உள்ளுக்கு என்ன கிடக்கெண்டு என்ரை கண்ணாலை பாக்காமல் இனி ஒண்டிலையும் தலை வைக்கமாட்டன்," என்றார்.

"பாருங்கோ," என்று இலவம் பஞ்சு மூட்டையை அவிழ்த்து வைத்தேன்.

மூக்கில் துவாயைக் கட்டிக்கொண்டு நிலத்தில் இருந்தார். பஞ்சுக்குள் கிடக்கிற கறுத்த விதைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி ஒரு பேணியில் போடத் தொடங்கினார். நானும் விதை எடுப்பேன்தான், ஆனால் நூறில் பத்துத் தப்பும். அவருக்கு ஒன்றும் தப்பவில்லை. ஒரு தலையணைக்கான பஞ்சு துப்புரவாக்க அவருக்கு மூன்று நாள் எடுத்தது. அந்த மூன்று நாளும் கேள்விகள். இது எந்த மரம், எப்போது காய் வெடிக்கும், வெயிலில் எத்தனை மணித்தியாலம் போட வேண்டும், ஏன் மூலைக்கு மட்டும் குறைத்து அடைக்கிறீர். என் வேலையைப் பற்றி அவர் கேட்டுக் கேட்டு நான் சொன்னது எனக்குப் புதிதாக இருந்தது. மூலைக்கு ஏன் குறைத்து அடைக்கிறேன் என்று நான் அதுவரை யோசித்ததே இல்லை. இரண்டு பேரும் சேர்ந்து யோசித்தோம். காரணம் கிடைக்கவில்லை.

அந்தத் தலையணையிலும் நித்திரை வரவில்லை, ஆனாலும் அடுத்த கிழமையும் வந்தார். மாசி மாதத்தில் ஒரு கலியாண வீட்டுக்கு ஆறு தலையணை ஒப்புக்கொண்டிருந்தேன். அதற்கான பஞ்சு முழுவதையும் அவர்தான் துப்புரவாக்கினார். கொடுக்கிற நாளன்று பெண்ணின் தாயார் வந்து வாசலில் செருப்பைக் கழற்றினார். நான் திரும்பிப் பார்த்தேன். என் கணவர் துவாய் கட்டிய முகத்தோடு, கடைசி இரண்டு தலையணைக்கான மூட்டையில் சாய்ந்து நல்ல நித்திரை. புருவத்திலும் காதிலும் பஞ்சு. ஒவ்வொரு மூச்சுக்கும் துவாயின் நுனி எழும்பி இறங்கியது.

"நாலுதான் முடிஞ்சுது. மிச்சத்துக்குப் பஞ்சு அங்கை கிடக்கு," என்று தாழ்ந்த குரலில் சொன்னேன்.

அந்த அம்மா எட்டிப் பார்த்தார். "எழுப்பாதையுங்கோ, பாவம். நான் நாளைக்கு வாறன்," என்று சொல்லிவிட்டு, செருப்பைப் போடாமல் கையில் எடுத்துக்கொண்டு படலைவரை நடந்து போனார்.